கால் மில்லி

தை 21, செவ்வாய்

காலையில் பனி. கொடியில் போட்ட துணி எட்டு மணிக்கும் ஈரம். முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை.

இன்றைக்கு முடிக்க நினைத்தது:
ஜெபாவின் துப்பாக்கி சுடுகிற ஜாக்கெட்டுக்குத் தோள்பட்டை லெதர்.
கல்பனா ஜாக்கெட்டில் பட்டன் தள்ளி வைக்க (இளைத்துவிட்டாள், காதல் என்கிறார்கள்).
ரேஷன் மண்ணெண்ணெய்.
தைலம்.

முடிந்தது லெதர் மட்டும். இரண்டு மடிப்புக் கேன்வாஸுக்கு மேல் லெதர் வைத்தால் ஊசி தாங்குவதில்லை. மூன்று ஊசி போயிற்று. ரேஷன் கடை பூட்டு.

பதினொரு மணிக்குக் கிளப் செக்ரட்டரி பழனிசாமி வந்தார். வண்டியை நிறுத்தும் முன்னாலேயே பேச்சு. கிளப்புக்கு டெல்லியிலிருந்து ஆள் வருகிறதாம், இந்த ஞாயிறு. தேசியத் துப்பாக்கிச் சங்கத்து ஆள். ஊர் ஊராகப் போய், சின்ன கிளப்புகளுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்களாம். போன வருஷம் ஒலிம்பிக்கில் ஒரு பையன் சுட்டுத் தங்கம் வாங்கினானே, அதற்கப்புறம் வந்த ஞாபகம். அனுப்பர்பாளையத்தில் இவருடைய பழைய நிட்டிங் செட் கொட்டகைக்குள் ஆறு வருஷமாகப் பனியன் கம்பெனிப் பெண்கள் ஏழு பேர் ஞாயிறு தவறாமல் காற்றுத் துப்பாக்கி சுடுகிறார்கள். இதுவரை ஒருத்தர் எட்டிப் பார்த்ததில்லை. பக்கத்துப் பாத்திரப் பட்டறைக்காரர் மட்டும் ஒரு தடவை வந்தார். ஷூட்டிங் என்று யாரோ சொன்னார்களாம், நடிகை யாரென்று பார்க்க வந்தார்.

"யாருங்க வர்றது?" என்று கேட்டேன்.

"வரதராஜன்னு பேருங்க அக்கா. முந்தி சென்னைல இருந்தவரு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் போன பிறகும் உட்கார முடியவில்லை. வாசல், அடுப்படி, மிஷின், மறுபடி வாசல். ரசத்துக்கு இரண்டு முறை உப்பு.

தை 22, புதன்

தூக்கம் அரைகுறை. பனி குறைவு. பழனிக்கு நடக்கிறவர்கள் பச்சைத் துண்டோடு ரோட்டில் வரிசையாக. பூசம் ஞாயிறு. நான் போகவில்லை. முருகனுக்கு என் முழங்கால் தெரியும்.

வரதராஜன். மறந்தால்தானே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணி, சென்னை, மாநிலப் போட்டி. நீலக் கோடு போட்ட சட்டை. பையில் இரண்டு பேனா, ஒன்றுக்கு மூடி இல்லை. மேசைமேல் ஒரு கருவி. ஒவ்வொரு பெண்ணின் ஜாக்கெட்டையும் அதன் வாயில் கொடுத்துத் தடிமன் பார்த்தார். ஜாக்கெட் தடிப்பாக இருந்தால் அதுவே உடம்பைப் பிடித்து நிறுத்திவிடும், துப்பாக்கி ஆடாது. அதனால் அளவு வைத்திருக்கிறார்கள்.

ரேவதி முறை வந்தது. என் பேத்தி, மகள் வயிற்றுப் பெண். மகள் உடுமலையில் தோப்போடு இருக்கிறாள். இவள் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, என்னோடு வாசம். அந்த ஜாக்கெட் நான் தைத்தது. வெளிநாட்டு ஜாக்கெட் ஒன்றைக் கோயமுத்தூர் டாக்டர் வீட்டில் இரவல் வாங்கி, பேப்பரில் பேட்டர்ன் எடுத்து, பதினாறு நாள் தைத்தேன்.

முள்ளைப் பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். "இது பாஸ் ஆகாதும்மா. அடுத்தவங்க வாங்க." அவ்வளவுதான். ரேவதி முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

யாரோ ஒரு பெண் தன் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தாள். கை இரண்டும் விரலை மூடித் தொங்கிற்று. ரேவதி அதைப் போட்டுக்கொண்டு சுட்டாள். நாலு பாயின்டில் போயிற்று. இல்லாவிட்டால் தேசியப் போட்டிக்குப் போயிருப்பாள். ரயிலில் தயிர்சோற்றைத் தொடவில்லை. அந்த டப்பாவை அப்படியே திருப்பூர் வரை மடியில் வைத்து வந்தேன்.

அன்றோடு போட்டி என்றால் மாட்டேன் என்கிறாள். கிளப்பில் சுடுகிறாள். மற்ற பெண்களைவிட நன்றாகச் சுடுகிறாள். அதோடு சரி.

நான் மன்னிக்காதவர்கள் நாலு பேர். நாத்தனார், என் கல்யாணப் பந்தியில் என் அண்ணனுக்கு இரண்டாவது வடை இல்லை என்றவள். பழைய கம்பெனி சூப்பர்வைசர், செத்துப்போனார், இருந்தாலும். கோயில் ஸ்பீக்கர்காரன். நாலாவது வரதராஜன்.

தை 23, வியாழன்

செக்ரட்டரி மறுபடி வந்தார். டெல்லிக்காரரிடம் கொடுக்க லெட்டர் டைப் அடித்திருக்கிறார். படித்துக் காட்டினார். ஏசி ஹால் வேண்டும். கம்ப்யூட்டர் டார்கெட் வேண்டும். வெளிநாட்டுக் கோச் வேண்டும். (கழிவறைக்குக் கதவு வேண்டும் என்று ஏழு பெண்களும் இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள், அது லெட்டரில் இல்லை.) கடைசியில், விதிமுறை எங்களுக்கு நேரத்தில் வந்து சேரவில்லை, அதனால் எங்கள் வீராங்கனை பாதிக்கப்பட்டாள் என்று.

"அந்த ரூலு ஃபேக்ஸு நாம சென்னை போன பொறவுதானுங்க வந்துது? நீங்க சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா கல்வெட்டு."

ரேவதி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"ஆமாங்க. பொறவுதான்" என்றேன்.

எழுதிவிடுகிறேன். இதை இங்கே எழுதாவிட்டால் எங்கேயும் எழுத முடியாது.

ஃபேக்ஸ் முன்னாலேயே வந்தது. போட்டிக்குப் பதினோரு நாள் இருந்தது. சனிக்கிழமை, சாயங்காலம், பழனிசாமி ஆபீஸ். மேசையில் பாதி குடித்த டீ. அவரே படித்தார்: "ஒரு மடிப்புக்கு ரெண்டரை மில்லிக்கு மேல போகக்கூடாதுங்கறான் அக்கா." என் கையில் கொடுத்துவிட்டு போன் எடுத்து நூல் விலை பேசப் போய்விட்டார். அவருக்கு நூல் விலை தவிர எதுவும் தலையில் தங்காது. எனக்கு எல்லாம் தங்கும்.

துணி டெஸ்ட் பண்ணும் லேபில் ஜாக்கெட்டைக் கொடுத்து அளந்தேன். ரெண்டே முக்கால். கால் மில்லி கூட.

முப்பத்தோரு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். எந்த ஆர்டர் சார்ட் வந்தாலும் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், டாலரன்ஸ் என்று. உடம்பு நீளம் அரை சென்டி கூடலாம், அரை சென்டி குறையலாம். ஆர்டர் கொடுத்த பையர் விட்டுவிடுவான். அந்த ஃபேக்ஸில் கட்டம் இல்லை. அடிக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உள் துணியை எடுத்தால் ஜாக்கெட் தொய்ந்துவிடும். ரேவதிக்கு அது விறைப்பாக நிற்பது பிடித்திருந்தது. கால் மில்லிதானே என்று விட்டேன்.

சென்னையிலிருந்து இறங்கினதும் ஸ்டேஷனிலேயே, ரூல் ஃபேக்ஸ் எப்போது வந்தது என்று செக்ரட்டரி கேட்டார். ரேவதி பக்கத்தில் நின்றாள், கண் வீங்கி. "நாம போன பொறவு வந்துருக்குமுங்க" என்று வாயில் வந்துவிட்டது. ஒரே வார்த்தை. அதன்மேல் இவள் இரண்டு வருஷக் கோபத்தைக் கட்டியிருக்கிறாள்.

தைலம் வாங்கினேன்.

தை 24, வெள்ளி

கல்பனா பட்டன் முடிந்தது. ஜெபா வந்து தன் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், சர்ச் கொயரில் பாடுவாள், வாய் ஓயாது.

"ஆச்சி, இதப் போட்டுக்கிட்டு குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல. யாராவது தள்ளி விட்டா அப்படியே பீரோ மாதிரி விழுவேன்."

"விழு. துப்பாக்கியக் கீழ வெச்சுட்டு விழு."

இந்த வருஷ மாநிலப் போட்டி ஃபாரம் வந்திருக்கிறது. புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஆறு பேர் நிரப்பிவிட்டார்கள். ரேவதி ஃபாரம் வெறுமையாக டி.வி. மேல்.

ஜெபா கேட்டாள்: "நீ ஏன்டி எழுதல?"

"எதுக்கு? எங்கம்மாயி ராப்பகலாத் தெச்சத வாசல்லயே வெச்சுத் தள்ளுவாங்க. ரூலு நமக்குச் சொல்ல மாட்டாங்க, பட்டணத்துப் புள்ளைகளுக்கு மட்டும் சொல்லுவாங்க. நம்மளத் தள்ளறதுக்குன்னே வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழமை அந்தாளு வரட்டும், மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்."

எனக்காகப் பேசுகிறாள். எங்கம்மாயி தைத்தது என்று.

பால் பொங்கி அடுப்பெல்லாம்.

தை 25, சனி

செட்டைக் கூட்ட நானும் ஜெபாவும். டார்கெட்டுக்குப் பின்னால் குண்டு தடுக்கப் பனியன் வேஸ்ட் அடைத்த பெட்டி ஏழு. பழைய வேஸ்ட்டை எடுத்துப் புதியது அடைத்தோம். உள்ளே ஈயக் குண்டு முருங்கை விதை மாதிரி கொட்டிக் கிடந்தது. பக்கத்துப் பட்டறையில் குடம் தட்டும் சத்தம், டங் டங். பெண்கள் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சுடப் பழகியிருக்கிறார்கள். சென்னையில் அமைதியாக இருந்தது, அதுவே இவர்களுக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் பெட்டியைத் திறந்து அந்த ஃபேக்ஸைத் தேடினேன். என் கூரைப்புடவைக்கு அடியில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. பிரித்தேன். வெறும் தாள். எழுத்தெல்லாம் மறைந்து மஞ்சளாகக் கிடக்கிறது. தேதி இல்லை, ரெண்டரை இல்லை, ஒன்றுமில்லை.

யாராலும் நிரூபிக்க முடியாது. நினைவு இருக்கிறவள் நான் ஒருத்திதான். ஆறுதலாக இருக்க வேண்டியது. மடித்து மறுபடி அங்கேயே வைத்தேன்.

தை 26, ஞாயிறு. பூசம்

வெயில். காலையில் விளக்குப் போட்டுவிட்டு எட்டரைக்கே செட்டுக்குப் போய்விட்டேன். நினைவில் இருக்கும்போதே எழுதுகிறேன். எப்போதும் இருக்கும் என்றாலும்.

பத்தேகாலுக்கு வந்தார். அதே வரதராஜன். முடி நரைத்திருக்கிறது. வெள்ளைச் சட்டை. என்னை அடையாளம் தெரியவில்லை. "நமஸ்காரம்மா, நீங்க பாட்டியா?" என்றார். எல்லாருக்கும் பொதுப் பாட்டி போல.

செட்டைச் சுற்றிப் பார்த்தார். பனியன் வேஸ்ட் பெட்டியைத் தொட்டு, "நல்ல ஐடியா" என்றார். பெண்கள் சுட்டுக் காட்டினார்கள். ரேவதி பத்துக் குண்டில் எட்டை நடு வட்டத்தில் போட்டாள். இந்தப் பெண் ஏன் போட்டிக்கு வரவில்லை என்று கேட்டார்.

"நீங்கதானுங்க சார் தள்ளுனீங்க" என்றாள் ரேவதி.

அவர் பையைத் திறந்து கருவியை எடுத்தார். அதேதான். ஏழு ஜாக்கெட்டையும் அளந்து காட்டுகிறேன் என்றார். ஆறு பாஸ். ஜெபாவுடையது கூட. ரேவதியுடையது, அந்தப் பழையதே, அதே கால் மில்லி கூட. இரண்டு வருஷத்தில் துணிகூட மனசு மாறவில்லை.

செக்ரட்டரி லெட்டரைப் படித்தார். ஏசி, கம்ப்யூட்டர், கோச் எல்லாவற்றுக்கும் வரதராஜன் தலையை ஆட்டினார், எழுதவில்லை. விதிமுறை நேரத்துக்கு வரவில்லை என்றதும்தான் பேனாவை எடுத்தார்.

"இதைத்தான் போற ஊர்லயெல்லாம் சொல்றாங்க. இனிமே ஃபேக்ஸே கிடையாது. எல்லா ரூலையும் இன்டர்நெட்ல போட்டுடறோம். யார் வேணா பாத்துக்கலாம். உங்க பிரச்சினை தீந்துது." ஒரு வரி எழுதிப் பேனாவை மூடினார்.

செக்ரட்டரிக்குச் சந்தோஷம். டீ சொல்லப் போனார்.

 இன்டர்நெட்டில் என்ன போடுவார்கள்? ரெண்டரை என்று போடுவார்கள். அதுதான் எனக்கு வந்ததே. என் பொய்யைக் கேட்டுக்கொண்டு இந்த மனுஷன் டெல்லி போய், தப்பான மருந்தை ஊரெல்லாம் கொடுக்கப் போகிறார். எந்த ஊரிலோ இன்னொருத்தி ரெண்டே முக்கால் தைத்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு நிமிசமுங்க" என்றேன். "ஃபேக்ஸு வந்துதுங்க. போட்டிக்குப் பதினோரு நாள் முன்னாடியே வந்துது. நாந்தான் வாங்கி வெச்சேன். ரெண்டரைன்னு இருந்துது. நான் ரெண்டே முக்கால் தெச்சேன்."

செக்ரட்டரி டீ கிளாஸோடு நின்றார். "அக்கா, வெயில்ல வந்தது உங்களுக்கு..."

"வெயிலெல்லாம் இல்லீங்க. நெனப்பு நல்லாத்தான் இருக்குது."

"தெரிஞ்சேவா தெச்சீங்க?" என்றார் வரதராஜன்.

"டாலரன்ஸு இருக்கும்னு நெனச்சேனுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஜெபா குறுக்கே வந்தாள்: "பிளஸ் மைனஸ் சார். எங்க சார்ட்ல எல்லாம் அதுக்கு ஒரு கட்டம் போட்டிருப்பாங்க. கொஞ்சம் கூடக் குறைய இருந்தா விட்டுருவாங்க."

சிரித்தார். இதையும் அவர் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

"இதுல பிளஸ்ஸே கிடையாதும்மா. ரெண்டரைன்னா ரெண்டரை."

"அத எங்களுக்கு யாருங்க சொன்னாங்க?" என்றேன். "எங்க ஊருக்கு ஆர்டர் குடுக்கற பையரு வெறும் நம்பர மட்டும் அனுப்ப மாட்டானுங்க. மொதல்ல ஒரு பீஸு தெச்சு அனுப்புவோம். அத அவன் பாத்து, சரின்னு சீலு அட்டை கட்டித் திருப்பி அனுப்புவான். அத எதுத்தாப்ல மாட்டி வெச்சுட்டுத்தான் மத்தது தெப்போம். சந்தேகம் வந்தா அதத் தொட்டுப் பாப்போம். சேம்பிளு குடுக்காத பையருக்கு ரிஜெக்ட் பண்ற உரிமை இல்லீங்க. நீங்க சேம்பிளும் குடுக்கல, அளக்கற சாமானும் குடுக்கல. முந்நூறு மைலு வரச் சொல்லி, வாசல்ல வெச்சு அளந்தீங்க. நான் பண்ணுனது தப்புத்தான். ஆனா இன்டர்நெட்ல போட்டாலும் இந்தத் தப்ப இன்னொருத்தரு பண்ணுவாங்க."

 பட்டறைக்குப் பூச விடுமுறை, டங் சத்தம் இல்லை.

"என்ன செய்யணும்ங்கறீங்க?" என்றார்.

"ஜில்லாவுக்கு ஒரு அளவுக்கருவி. பாஸான ஜாக்கெட்டு ஒண்ணு சீலு போட்டு இங்க மாட்டி வெக்கோணும். போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடியே இங்கியே அளந்து கையெழுத்துப் போட ஒரு ஆளு. அப்பறம் அந்தக் கழிவறைக்கு ஒரு கதவு."

பேனாவைத் திறந்தார். பக்கம் நிறைய எழுதினார். சீல் அட்டை எப்படி இருக்கும் என்று கேட்டு வரைந்துகூடக் கொண்டார். நல்ல மனுஷன்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

ரேவதி சுவரோரம் நின்றிருந்தாள். துப்பாக்கியை மேசையில் வைத்தாள், பழக்கினபடி வாய் டார்கெட் பக்கம். என்னைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

தை 27, திங்கள்

ரேவதிக்குத் தோசை மூன்று சுட்டு வைத்தேன், மூன்றும் அப்படியே. டிபன் பாக்ஸை எடுக்காமல் வேலைக்குப் போனாள்.

செக்ரட்டரி போன். "ஏனுங்க அக்கா, ரெண்டு வருசமா என்னையப் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே?"  அவர் கேட்டது நியாயம். அதற்காக அவர் மேல் கொஞ்சம் கோபம்.

வீட்டைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

நேரே சண்டை போட்டால் பதில் சொல்லலாம். இவள் அவள் தாத்தா மாதிரி, வாயை மூடினால் மூடினதுதான்.

தை 28, செவ்வாய்

ஜெபா மத்தியான இடைவேளையில் ஓடி வந்தாள். கம்பெனியில் ரேவதி யாரோடும் பேசவில்லையாம். கேன்டீனில் இவள் கிண்டிப் பார்த்திருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"ரெண்டு வருசம் வெட்டியா கோவப்பட்டேன்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல ஆச்சி."

"யாரு மேல?"

"அத நீங்கதான் கேக்கணும்."

கேட்கவில்லை. சாயங்காலம் வந்தாள், குளித்தாள், படுத்தாள். ஃபாரம் டி.வி. மேலேயே. நாளைக்குக் கடைசி. நானே எடுத்து நிரப்பலாமா என்று கை போயிற்று. பேர், ஊர், பிறந்த தேதி எல்லாம் எனக்குத் தெரியும். ஏற்கெனவே அவளுக்குப் பதிலாக ஒரு தடவை நான் முடிவு எடுத்தாயிற்று. கையை இழுத்துக்கொண்டேன்.

செக்ரட்டரி ஜெபாவிடம் சொல்லி அனுப்பினார்: வரதராஜன் போன் பண்ணினாராம், சென்னையில் பழைய கருவி ஒன்று சும்மா கிடக்கிறது, திருப்பூருக்குக் கொடுக்கக் கேட்டுப் பார்க்கிறாராம். வரட்டும். வந்தால் நம்புகிறேன்.

தை 29, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் டி.வி. மேல் ஃபாரம் இல்லை. ரேவதியும் இல்லை, ஏழு மணி ஷிப்டுக்குப் போயாயிற்று. பாயைத் தூக்கிப் பார்த்தேன், குப்பையைப் பார்த்தேன், பக்கத்து வீட்டு அடுப்பில் எரிக்கிறார்களா என்றுகூட எட்டிப் பார்த்தேன். என்ன பைத்தியம்.

பதினொன்றுக்குச் செக்ரட்டரி போன். குரலில் இன்னும் விறைப்பு. "ஏழு பேரோடதும் கூரியர்ல போட்டாச்சுங்க. உங்க பேத்தி காலைல ஆறரைக்கே ஊட்டுக்கு வந்து ஃபாரத்துல சீலு வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு."

உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனேன், குடம் எடுக்காமல்.

ஐந்தரைக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் பீரோவைத் திறந்து அந்த ஜாக்கெட்டை எடுத்தாள். பிளேடால் உள் துணியைப் பிரிக்க ஆரம்பித்தாள். பதினாறு நாள் தைத்தது, முக்கால் மணியில் பிரிந்தது. மிஷினில் உட்கார்ந்தாள். செக்கிங் பெண், தைக்கத் தெரியாது. இடது கக்கத்தில் தையல் ஒரு விரல் அகலத்துக்கு வளைந்து ஓடுகிறது. நூல் இழுத்துக்கொள்கிறது. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கை துறுதுறுவென்றது, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறரைக்குக் கரண்ட் போயிற்று. மிஷின் நின்றது. மெழுகுவர்த்தி வைத்தேன்.

 ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் முதல் வார்த்தை:

"அம்மாயி, இங்க வந்து சக்கரத்தச் சுத்துங்க."

போனேன்.

"துணியத் தொடாதீங்க."

சுற்றினேன். தொடவில்லை.